பைக் ரைடுக்கு முன் டயர் காற்றும் பின்பக்க ஷாக்கும்

நண்பர்களே, ஞாயிறு கிளம்பும் முன் டயர் சூடாகாமல் இருக்கும்போதே காற்று பாருங்கள். ஓட்டி வந்தபின் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும்; அதைப் பார்த்து இறக்கிவிடாதீர்கள். அளவு வண்டி ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். டயரில் அச்சடித்திருப்பது உச்ச அளவு, அதுவரை அடிக்கக் கூடாது.

பின்னால் ஆள் ஏறினால் காற்றோடு ஷாக் ப்ரீலோடையும் (ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு) கூட்டுங்கள். இல்லையென்றால் பின்பக்கம் அமுங்கி, வளைவில் வண்டி வெளியே தள்ளும். போன ரைடில் எனக்கு அப்படித்தான் ஆனது. சி ஸ்பேனரால் (ஷாக்கின் வளையத்தைத் திருப்பும் கொக்கி வடிவ ஸ்பேனர்) இரண்டு படி ஏற்றியதும் வண்டி சொன்ன பேச்சு கேட்டது!

பெரும்பாலான ரோடு பைக்குகளில், பின்சக்கரம் தொங்கும் நிலையிலிருந்து நீங்கள் உட்காரும்போது பின்பக்கம் 30–40 மி.மீ. அமுங்கினால் சரி. அளக்க இன்னொருவர் வேண்டும், நான் டேப் கொண்டு வருகிறேன். தனியாகத் திரும்புகிறவர்கள் பழைய படிக்கு இறக்க மறக்காதீர்கள்.