மூச்சுக்குத் தவிக்கும் பக் நாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மகள் ஆசைப்பட்டாள் என்று மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பக் நாய்க்குட்டி வாங்கினோம். ராத்திரியில் அது விடும் குறட்டையைக் கேட்டு வீடே சிரிக்கும். சிரிக்கிற விஷயமில்லை என்று பிறகுதான் புரிந்தது. மூக்குத் துவாரங்கள் கீறல் போல ஒட்டிக் கிடக்கின்றன. உள்ளே அண்ணத்துச் சதை நீண்டு மூச்சுக்குழலை மறைக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதற்கே வழியில்லை என்றால் புதுச்சேரியின் கத்திரி வெயிலை எப்படித் தாங்கும்? போன மே மாதம் தெருமுனை வரை நடந்ததற்கே நாக்கு நீலம் பாரித்துச் சுருண்டு விழுந்தது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆட்டோவில் தூக்கிப்போனோம். பிழைத்தது.

இது தானாக வந்த நோயல்ல. சப்பை மூக்குதான் அழகு என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததன் விளைவு. டாஷ்ஹண்டுக்கு முதுகுத்தண்டு, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு என்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வேதனை. நெருங்கிய ரத்த உறவிலேயே சேர்ப்பதால் பரம்பரைக் கோளாறுகள் இன்னும் பெருகுகின்றன.

நாய் வளர்ப்பு, விற்பனைக்கு மத்திய அரசு 2017-லேயே விதிகள் கொண்டுவந்துவிட்டது. இனப்பெருக்கம் செய்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எங்களுக்கு வந்த குட்டிக்குச் சரியாக நடக்கவே தெரியவில்லை. கால்நடைத் துறை அதிகாரிகள் வீடுகளில் நடக்கும் இந்த வியாபாரத்தை நேரில் போய்ச் சோதிக்க வேண்டும்.

குட்டி வாங்குபவர்கள் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

– ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி