ஊறுகாய் வாசத்தோடு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

உன் வளைகாப்புக்கு வராதவள் எந்த முகத்தோடு எழுதுகிறாள் என்று கேட்பாய். திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

நான் மூன்று வாரமாக லேபில் ஒரு பிளாஸ்டிக் நூலிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஹைட்ராக்சி பென்சாயிக் அமிலம் 73 பங்கு, ஹைட்ராக்சி நாப்தாயிக் அமிலம் 27 பங்கு. முன்னதை மட்டும் நீளச் சங்கிலியாகக் கோத்து பாலிமராக்கினால் உருகுவதற்கு முன்பே சிதைந்துபோகும். பின்னதைக் கலந்தால் 280 டிகிரி வாக்கில் உருகும். இரண்டின் மேலும் அசிட்டைல் என்கிற அசிட்டிக் அமிலத் துணுக்கை ஏற்றி, நைட்ரஜனில் 250 டிகிரியில் தொடங்கி 320 வரை ஏற்றி, கடைசியில் வேக்குவம். வழிநெடுக அசிட்டிக் அமிலம், அதுதான் வினிகர் புளிப்பு, வடியும். நான் எடுத்த 0.1 மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அளவு) சரக்குக்கு 6 கிராம் வரவேண்டும் என்று சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துப்பட்டா முழுக்க ஊறுகாய்க் கடை வாசம். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை. உன் கருவாட்டு டப்பாவின் சாதனையை முறியடித்துவிட்டேன் போ!

உருகியதைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு இழுத்தால், பாகு பதம் மாதிரி, முத்து வெளுப்பில் நூலாக வரும். அதை எக்ஸ்ரேயில் வைத்தேன்; கதிர் நூலில் பட்டுச் சிதறிப் புள்ளிகளாக விழும், அதிலிருந்து உள்ளே இருக்கும் அடுக்கைப் படிக்கலாம். நூலின் நீளவாக்கில் விழும் புள்ளிகள் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இடைவெளிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. "சரியாகப் பொருத்தவில்லை" என்றார் சார். நான்கு முறை பொருத்தினேன், நான்கு முறையும் அதே கோணல்.

அப்புறம்தான் 1980-களில் ஜான் பிளாக்வெல் குழு எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. கோணல்தான் விடையே! நீ ஹாஸ்டலில் கதம்பம் கட்டுவாயே, கைக்கு வந்த பூவை வைத்து, அப்படித்தான் இந்தச் சங்கிலியும். பென்சாயிக் துண்டு 6.35 ஆங்ஸ்ட்ராம் நீளம் (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்), நாப்தாயிக் துண்டு 8.37. வரிசை ஒழுங்கே கிடையாது, அதனால் புள்ளிக்கும் சம தூரம் கிடையாது; கலவை விகிதம் மாறினால் முதல் இரண்டு புள்ளிகளும் நகரவும் செய்யும். ஆனால் 2.1 ஆங்ஸ்ட்ராம் பக்கம் ஒரு புள்ளி மட்டும் கூர்மையாக அங்கேயே நிற்கும். ஏன் தெரியுமா? சிறியது ஏறக்குறைய மூன்று 2.1, பெரியது நான்கு. எந்தப் பூவை அடுத்து வைத்தாலும் விரற்கடை தப்பாது.

நாற்பது வருடத்துக்கு முந்தைய விடை என்று தெரிந்ததும் அழுகை வந்தது, கலா. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. சாரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். துப்பட்டாவை இரண்டு முறை அலசிவிட்டேன். புளிப்பு கேட்கிற மாதம் உனக்கு இன்னும் முடியவில்லையென்றால் சொல், அலசாததையே கொண்டுவருகிறேன்.

உன்,
வசந்தி