செந்திலுக்கு, அப்பாவின் சிகிச்சை பற்றி

அன்புள்ள செந்தில்,

நேற்று போனில் நீ கேட்டபோது அப்பா பக்கத்திலேயே இருந்தார். அதனால் எழுதுகிறேன். உன் நண்பனின் அப்பாவுக்கும் இதே தொண்டைப் புற்றுநோய், இதே மூன்றாவது ஸ்டேஜ், அவருக்கு ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்தும் போட்டார்கள், நம் அப்பாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள்.

ஸ்டேஜ் என்பது கட்டியைப் பற்றிய கணக்கு. கட்டி எவ்வளவு பெரிசு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, வேறு எங்காவது பரவியிருக்கிறதா, அவ்வளவுதான். அந்த ஆளின் சுகர், இதயம், நுரையீரல் எதுவும் அதில் வராது. ஒரே ஸ்டேஜில் இருக்கிற இரண்டு பேர் ஒரே மாதிரி பிழைக்காததற்கு இது ஒரு பெரிய காரணம். 2004-ல் அமெரிக்காவில் 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், கூடவே இருக்கும் நோய்கள் கடுமையாக ஆக ஆக ஆயுள் குறைவது தெளிவாகத் தெரிந்தது. தொண்டையைக் கெடுத்த பீடி இதயத்தையும் நுரையீரலையும் விட்டுவைத்திருக்காது இல்லையா? கட்டி முழுசாகக் கரைந்த பிறகு ஹார்ட் அட்டாக்கில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். அதைத் தடுக்கத்தான் கூடவே பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள். அப்பாவுக்கு சுகரால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம், அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியாட்டினின் 1.8-க்கு ஏறியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்த இதயம் அவ்வளவு சலைனைத் தாங்குமா என்பது இன்னொரு கவலை. ரேடியேஷன் 7 வாரம், 35 தடவை. நடுவில் கிட்னியோ நெஞ்சோ மக்கர் செய்து இரண்டு வாரம் நின்றுபோனால், கட்டி மறுபடி வளர ஆரம்பித்துவிடலாம். ஆரம்பித்ததை விடாமல் முடிப்பதுதான் அப்பாவுக்கு முக்கியம்.

அதனால் டாக்டர் வாரம் ஒரு தடவை குறைந்த அளவில் டோசிடாக்செல் என்கிற வேறொரு கீமோ மருந்தை ரேடியேஷனோடு சேர்த்துத் தரப்போகிறார். மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், சிஸ்பிளாட்டின் ஒத்துவராத 356 பேரிடம் இதைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் இரண்டு வருடம் கழித்து நூற்றுக்கு 42 பேர் உயிரோடு இருந்தார்கள், இந்த மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில் 51 பேர். வேறு மருந்து இல்லாமல் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார்கள் என்று நினைக்காதே.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இந்த ஊசிக்கு முன்னால் ஸ்டீராய்டு போடுவார்கள், சுகர் ஏறும். இன்சுலின் அளவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆடுகிற பல்லையெல்லாம் ரேடியேஷனுக்கு முன்பே எடுத்தாகிவிட்டது, அப்புறம் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

பீடி விஷயம் உன் பொறுப்பு. ரேடியேஷன் நடக்கும்போது புகைத்தால் அது சரியாக வேலை செய்யாது. நான் சொன்னால் மனிதர் காதில் வாங்குவதில்லை, நீ சொன்னால் மறுபேச்சு இருக்காது. சதவீதம் எதையும் அவரிடம் பேசாதே.

லீவை இப்போதே எடுத்துவிடாதே. நாலாவது வாரத்துக்கு மேல்தான் வாய், தொண்டையெல்லாம் புண்ணாகி, கஞ்சி கூட இறங்காது. மூக்கு வழியே டியூப் போட வேண்டி வரலாம். அப்போது வா.

அம்மா