ஐஐஎம் சேர்க்கை: சான்றிதழ் குவித்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு நெருங்கும்போதெல்லாம், சராசரி மதிப்பெண் பெற்ற மாணவர்களை இணையவழிச் சான்றிதழ்களை வாங்கிக் குவிக்கச் சொல்லும் போக்கு கவலை தருகிறது. ஐஐஎம் அகமதாபாத் போன்றவை நேர்காணலுக்கு அழைக்கையில், கேட் மதிப்பெண்ணுடன் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் பணி அனுபவத்தையும் கணக்கில் கொள்கின்றன. ஏற்கெனவே வாங்கிவிட்ட மதிப்பெண்களை இனித் திருத்த முடியாது என்பதால், கேட் தேர்வும் வேலையும்தான் மாணவர் கையில் மிஞ்சுகின்றன.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தபின் நிலைமை வேறு, அங்கே சொந்த அனுபவம் கைகொடுக்கும். அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு மாணவி, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் தரலாம், மாதக் கடைசியில் சரக்கு வாங்கப் பணம் ஏன் முடங்குகிறது என்பதை விளக்கினால், அது நடைமுறை மூலதனம் (அன்றாட வியாபாரத்தை நடத்தத் தேவைப்படும் பணம்) பற்றிய பாடமேதான். விண்ணப்பத்தில் இதை எழுதக் கூச்சப்படுபவர்களே அதிகம். (இரண்டு நாள் பயிலரங்கச் சான்றிதழை எழுத யாரும் கூச்சப்படுவதில்லை.) நேர்காணலில் துருவிக் கேட்டால் தாக்குப்பிடிப்பது தாமே செய்த வேலைதான், சான்றிதழுக்காகப் பார்த்த காணொளி இரண்டாவது கேள்வியிலேயே கைவிட்டுவிடும்.

அரசு, உதவிபெறும் கலைக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள், இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல்களை நடத்த உயர்கல்வித் துறை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர்,
திருச்சி.