செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டின் தொடக்கம் நம் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குச் சரியாக அமையவில்லை. மக்களவைத் தேர்தல் தேதி வந்ததுமே மார்ச்சில் துப்பாக்கிகளை ஒப்படைத்தோம். ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு முடிந்தது, அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பினார். ஜூன் 4 வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகுதான் துப்பாக்கிகள் நம் கைக்கு வந்தன. கொடியேற்றம், ஆயுத பூஜை, இரண்டு செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மறைந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

துப்பாக்கி கையில் இல்லாத அந்த இடைவெளியில் நாகமலை அடிவாரத்துப் புஞ்சையில் சீமைக்கருவேலத்தை வெட்டி, ஐந்து நிலைகள் கொண்ட ஸ்போர்ட்டிங் கிளே பாதையை, அதாவது இயந்திரம் எறியும் தட்டுகளை நிலைக்கு நிலை நடந்துபோய்ச் சுடும் பாதையை அமைத்தோம். "டிராப் இருக்கும்போது இது எதற்கு, தேவையில்லாத செலவு" என்று சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. அதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

டிராப்பும் எறியும் தட்டைச் சுடும் போட்டிதான். ஆனால் அதில் தட்டு எப்போதும் நமக்கு முன்னாலிருந்து கிளம்பி, நம்மை விட்டு விலகியே ஓடும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. பழகப் பழகக் கை அதற்கே ஒத்துப்போய்விடும். இந்தப் பாதையில் அப்படி இல்லை. முதல் நிலையில் தட்டு இடமிருந்து வலம் குறுக்கே போகும். இரண்டாவதில் செங்குத்தாக எழுந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும். மூன்றாவதில் ஓரம் தடித்த தட்டு முயல்போலத் தரையில் உருண்டு, கல்லில் பட்டு எகிறும். நான்காவதில் முதல் வெடிச்சத்தம் கேட்ட பிறகே இரண்டாவது தட்டு கிளம்பும். ஐந்தாவதில் இரண்டும் சேர்ந்தே வரும். தட்டு இருக்கும் இடத்தில் சுட்டால், ரவை போய்ச் சேரும்போது தட்டு அங்கே இருக்காது. எவ்வளவு முன்னால் சுடுவது என்பது நிலைக்கு நிலை மாறும். விசையை இழுத்த பிறகும் துப்பாக்கி ஓட்டம் நிற்கக் கூடாது. ஆடிக்காற்று அடிக்கிற நாளில் அதே தட்டு வேறு தட்டாகிவிடும். ஒரு தோட்டாவில் 28 கிராம், ஏறக்குறைய 350 ரவை. 110 மில்லிமீட்டர் தட்டு அத்தனைக்கும் தப்பிப் போவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை சமஸ்தானக் குடும்பத்தவர், நமக்குப் பக்கத்துக்காரர். அதே ஒலிம்பிக்கில் ஸ்கீட் என்ற இன்னொரு தட்டு சுடும் போட்டியில், ஆணும் பெண்ணும் சேர்ந்த நம் நாட்டுக் கலப்பு இணை 43–44 என்று ஒரே ஒரு தட்டில் வெண்கலத்தை விட்டது. ஸ்போர்ட்டிங் கிளே ஒலிம்பிக்கில் இல்லை, சரி. ஆனால் எந்தக் கோணத்தில் வந்தாலும் பதறாத கையை இந்தப் பாதை தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழைய எறி இயந்திரத்தின் ஸ்பிரிங் செப்டம்பரில் உடைந்தது. ஊர்ப் பட்டறையிலேயே வேறொன்று செய்து போட்டோம், இன்றுவரை ஓடுகிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிலைக்கு நிலை நடக்கும்போது துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லாமல்தான் கொண்டுபோக வேண்டும். என் அண்ணன் வயதுள்ள உறுப்பினர் ஒருவர் மூடிய துப்பாக்கியோடு நடந்தார். இரண்டு முறை சொல்லியும் கேட்காததால் அன்றைக்கு அவரைச் சுட அனுமதிக்கவில்லை. அதன்பிறகு அவர் வருவதில்லை. மரியாதைக் குறைவாக நான் பேசவில்லை. நாளைக்கு அங்கே என் மகன் நின்றாலும் இதையேதான் செய்வேன். அண்ணன் மனம் மாறி வந்தால் முதல் நிலையில் முதல் தட்டு அவருக்குத்தான்.

இன்னொரு வருத்தம். தட்டுக்குக் கிளே என்று பெயரே தவிர அதில் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்த்துச் செய்தது. அடிவாரத்தில் ஆடு மேய்கிறது. வாயில்லா ஜீவன் கீல் துண்டைத் தின்னக் கூடாது. சுட்டு முடித்ததும் சில்லுகளையும் காலித் தோட்டாக்களையும் பொறுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது நாம்தான். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் கார்கள் கிளம்பிவிடுகின்றன. நானும் இயந்திரம் ஓட்டும் தம்பியும் சாக்குப் பையோடு நிற்கிறோம். நாம் மயில் வேட்டைக்கு வந்தவர்கள் என்று முதலில் பயந்த ஊர்க்காரர்கள், நாங்கள் குனிந்து சில்லு பொறுக்குவதைப் பார்த்த பிறகுதான் மோர் கொடுத்தார்கள்.

உறுப்பினர்கள் 42 பேர். சந்தா கட்டியவர்கள் 17. ஞாயிறு காலை வருபவர்கள் ஆறு, ஏழு பேர். கல்யாண மண்டபத்தில் பார்க்கும்போது எல்லாரும் அன்பாகத்தான் விசாரிக்கிறார்கள், "அடுத்த வாரம் கண்டிப்பா வர்றேன்" என்கிறார்கள். கைபேசியில் நினைவூட்டினால் கைகூப்பும் படம் வருகிறது, சந்தா வருவதில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் செலவு வரவைத் தாண்டிவிட்டது. தட்டுக்கும் குத்தகைக்கும் நான் கையிலிருந்து போட்டதில் ஒரு பகுதி திரும்பி வந்தது, மீதி நிலுவையில் இருக்கிறது. ரசீதுகள் எல்லாம் கோப்பில் உள்ளன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நிலம் கொடுத்தவருக்கும், மண் அணைத்துக் கொடுத்த ஜேசிபி ஓட்டுநருக்கும், பட்டறைக்காரருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

குத்தகை ஜூனில் முடிகிறது. புதுப்பிக்க முழுத் தொகையும் முன்பணமாக வேண்டும். பாக்கிச் சந்தா வந்தாலே அது தாராளமாகப் போதும். செயலாளர் பொறுப்பை ஏற்க இளையவர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன், கூடவே இருந்து சொல்லியும் கொடுப்பேன். ஆனால் பாதை இல்லாத சங்கத்தை அவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. கொட்டகைச் சாவி இப்போதைக்கு என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரைக்கு அங்கே இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்