அப்பாவை விழுங்க வைத்த பேச்சுப் பயிற்சியாளருக்கு

மேடம், உங்கள் பெயரைக் கேட்பதற்குள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்த அப்பாவுக்கு இருமலே இல்லை, வாய் வழியாகவே கஞ்சி கொடுக்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள்தான் அவர் குரல்வளையில் விரல் வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, "ஐயா, ஆ சொல்லுங்க" என்றீர்கள். குரல் கொழகொழவென்று ஈரமாக வந்தது. உடனே டாக்டரிடம் பேசி, எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் என்ற பொருளைக் கலந்து விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுக்கச் சொன்னீர்கள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் சத்தமில்லாமல் இறங்குவது திரையில் தெரிந்தது. தொண்டையில் உணர்வு மங்கினால் இருமல் வராது, நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று அம்மாவுக்கும் புரிகிற மாதிரி சொன்னீர்கள்.

அப்புறம் பயிற்சி. தாடையை நெஞ்சோடு சேர்த்து விழுங்கினால் அப்பாவுக்குச் சரியாக இறங்குகிறது என்பதையும் அதே வீடியோவில் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். தண்ணீரைப் பவுடர் கலந்து கெட்டியாக்கினோம்.

பேச்சுப் பயிற்சியாளர் விழுங்குவதையும் பார்ப்பார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருந்தால், வாயில் எதையும் கொடுக்கும் முன் அவர் சரியாக விழுங்குகிறாரா என்று பரிசோதிக்கச் சொல்லி மருத்துவமனையில் கேளுங்கள்.

அப்பா இப்போது குழைய மசித்த பருப்புச் சாதம் சாப்பிடுகிறார். ரொம்ப நன்றி மேடம்.