பெரியப்பா புகைத்ததில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் ஒருவாறு இருக்கிறோம். தம்பிக்கு நேற்று வெள்ளையணு 1,400. காய்ச்சல் இல்லை. வாய்ப்புண் ஆறிவருகிறது. உன்னைப் பற்றிக் கேட்டான். வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன்.

உன் இருமல் எப்படி இருக்கிறது? கடைசியாகப் பேசினபோது இரண்டு தடவை இருமினாய். தூசி என்றாய். தூசியாகவே இருக்கட்டும். ஆனாலும் ஒரு நுரையீரல் டாக்டரிடம் காட்டிவிடு.

18 நாளாக உன் போன் இல்லை. நான் கூப்பிட்டால் மாப்பிள்ளை எடுத்து, "தூங்குறா மாமா" என்கிறார். தம்பியின் லுகேமியாவுக்கு, அந்த ரத்தப் புற்றுநோய்க்கு, உன் மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்க ரத்தம் கேட்ட அன்று, "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கட்டும்" என்று யோசிக்காமல் சொன்னவள் நீ. கூடப் பிறந்தவரிடம் முழுப் பொருத்தம் அமைவது நாலில் ஒரு வாய்ப்புதான். அது உன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த அன்று, வார்டு வராந்தாவில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "என் பொண்ணு, என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்டவள், குடும்பக் கோளாறு உனக்கும் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் ஒரு குழாய் ரத்தம் கேட்டதும் ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் புரிகிறது. இருந்தாலும் படித்த பெண் நீ, இப்படி இருக்கலாமா அம்மாடி?

நீ கடைசியாக அனுப்பியது ஒரு ஆய்வுக் கட்டுரை. கூட ஒரு வரி இல்லை. 2015இல் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி படித்தேன், பிறகு டாக்டரிடமே கொண்டுபோனேன். வெளியாரிடமிருந்து மஜ்ஜை பெற்ற 330 பேர். நீளமான டெலோமியர், அதாவது குரோமோசோமின் நுனிக் காப்பு, உள்ளவர் கொடுத்திருந்தால், வாங்கினவர் அதிக நாள் இருந்திருக்கிறார். உன் டெலோமியர் குட்டையாக இருந்து தம்பிக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்பதுதானே உன் பயம்? அந்த 330 பேரும் மஜ்ஜை வற்றிப்போகும் அப்ளாஸ்டிக் அனீமியாக்காரர்கள். தம்பிக்கு வந்திருப்பது லுகேமியா. கடும் லுகேமியாவில் அதே கேள்வியைப் பின்னால் ஆராய்ந்தார்கள். கொடுத்தவரின் டெலோமியர் நீளத்துக்கும் வாங்கினவர் பிழைப்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. இதை டாக்டர் பேனாவால் அடிக்கோடிட்டே காட்டினார். ஆகவே உன்னுடையது மற்றவர்களைவிட ஒரு பிடி கூடவா குறைவா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பது வேறு. நம் குடும்பத்தில் ஓடுகிற கோளாறு உன்னிடமும் இருக்கிறதா என்பது.

கயிற்றின் நுனி பிரியாமலிருக்க முடிச்சுப் போடுவோமே, அதுபோல ஒவ்வொரு குரோமோசோமின் நுனியிலும் டிஎன்ஏவின் ஆறே எழுத்து ஆயிரம் தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. அதுதான் டெலோமியர். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதில் கொஞ்சம் தேய்கிறது. ரத்தம் உண்டாக்கும் செல்கள் ஆயுள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்க வேண்டியவை. அதனால் தேய்ந்ததை ஈடுகட்ட டெலோமரேஸ் என்று ஒன்று அவற்றில் வேலை செய்கிறது. 2009இல் இதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்த டெலோமரேஸைச் செய்யும் மரபணுவில்தான் தம்பிக்குப் பிழை. ஈடு சரியாக நடப்பதில்லை. அவன் வயதுக்காரர்கள் நூறு பேரை டெலோமியர் நீளத்தின்படி வரிசையாக நிறுத்தினால் இவன் கடைசி ஆளுக்கும் பின்னால் நிற்கிறான். மருந்து அவனை மட்டும் ஏன் இப்படிப் போட்டு அடித்தது என்று அழுதாயே, இதனால்தான். ஏழு நாள் சைட்டரபின், மூன்று நாள் டானோரூபிசின், எல்லாருக்கும் கொடுப்பதுதான் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மூன்று நாலு வாரத்தில் எண்ணிக்கை ஏறும். இவனுக்கு ஏழு வாரம் ஆயிற்று.

இருமல் ராத்திரியில் அதிகமா, பகலிலா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? புகை பிடிப்பவர்கள் பக்கத்தில் நிற்காதே.

இன்னொன்று. முழுப் பொருத்தம் என்றால் தம்பிக்கு இருப்பதெல்லாம் உனக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். அப்படி இல்லவே இல்லை. பொருத்தம் பார்ப்பது 6ஆம் குரோமோசோமில். இந்தப் பிழை இருப்பது 5ஆம் குரோமோசோமில். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தப் பிழை உனக்கு வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. நாலில் ஒன்றாக இருந்த நல்லது உனக்கு விழுந்தது. இரண்டில் ஒன்றாக இருக்கிற கெட்டது விழாமல் போகட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

பிழை இருந்தால் உன் செல்லை எடுக்கமாட்டார்கள். அது தம்பிக்காக மட்டுமில்லை. அந்த மாதிரி மஜ்ஜையிலிருந்து, செல்லைக் கிளப்பிவிடும் ஊசி போட்டாலும், போதுமான செல் வெளியே வராது, வந்தாலும் போன இடத்தில் சரியாகப் பிடிக்காது. அப்போது பதிவேட்டில் வெளியாரைத் தேடுவார்கள், இல்லையென்றால் அம்மாவுடைய பாதிப் பொருத்தம் இருக்கிறது. என்னுடையதும் பாதிப் பொருத்தம்தானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். தம்பிக்கு வந்தது என்னிடமிருந்துதான்.

இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று நாலு நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

முதல் வாரமே டாக்டர் கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலயே நரை உண்டா? நுரையீரல் கெட்டு, கல்லீரல் கெட்டு யாராவது இறந்திருக்காங்களா?" இல்லை என்றேன். எண்ணிக்கை ஏறாமல் இழுத்தபோது, தம்பியின் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். அவர் கண் என் காதுக்கு மேலே போயிற்று. முந்தின நாள்தான் சாயம் போட்டிருந்தேன். காதோரத் தோலில் கறுப்பு அப்பியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு 22 வயதில் முழுத் தலையும் வெளுத்துவிட்டது. உன் அம்மாவுக்கே கல்யாணமாகி ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அத்தை ஒரு துளி குடித்ததில்லை, கல்லீரல் சுருங்கித்தான் போனாள். பெரியப்பா தன் ஆயுளில் சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. நுரையீரல் தழும்பேறிக் கல்லாகிப்போயிற்று என்று எழுதின காகிதத்தை நான்தான் வாங்கினேன், நான்தான் கிழித்தேன். அப்போது உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். பரம்பரை நோய் என்று பேச்சு வந்துவிடக் கூடாது என்று, "அண்ணனுக்குப் புகைப்பழக்கம், யார் சொல்லியும் கேட்கலை" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா.

இந்த மரபணுவுக்கும் நுரையீரலுக்கும் தொடர்பு இருப்பதை 2007இல்தான் கண்டுபிடித்தார்களாம். பெரியப்பா போனது அதற்கும் முன்னால். அதனால் அன்றைக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது தெரியாது என்று சொல்ல முடியுமா? வாயைத் திறந்து கேட்ட டாக்டரிடம் இரண்டு தடவை பொய் சொன்னேன். முதல் வாரமே சொல்லியிருந்தால் அப்போதே பரிசோதித்திருப்பார்கள். மூன்றாவது தடவை நானே போய்க் கதவைத் தட்டினேன். அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பெரியப்பா இறந்த வருஷத்தைக் கேட்டு எழுத ஆரம்பித்தார்.

எழுதினதால் ஒன்று நடந்தது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு முன்னால் பழைய மஜ்ஜையைக் காலி செய்யக் கொடுக்கும் மருந்தை மாற்றிவிட்டார்கள். புசல்ஃபானும் கதிர்வீச்சும் இவனைப் போன்றவர்களின் நுரையீரலையும் கல்லீரலையும் பிடித்துவிடுமாம். இரண்டும் வேண்டாம், குறைந்த வீரியத்தில் வேறு மருந்து என்று முடிவாகியிருக்கிறது. லுகேமியா திரும்பாத அளவுக்கு வீரியமும் வேண்டும், உடம்பு தாங்கும் அளவோடும் இருக்க வேண்டும். அந்த இடுக்கில்தான் இவன் உயிர் இருக்கிறது.

வயதான தகப்பனுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு டெலோமியர் சற்று நீளமாக இருக்கும் என்று ஓரிடத்தில் படித்தேன். தம்பி பிறந்தபோது எனக்கு 38, நீ பிறந்தபோது 29. நம் வீட்டில் அந்தக் கணக்கு நிற்கவில்லை. அதனால் உன் விஷயத்தில் நான் எந்தக் கணக்கும் போடுவதில்லை.

பாப்பாவை நினைத்துத்தான் பயப்படுகிறாய் என்றால், அதுவும் எனக்குத் தெரிகிறது. தலைமுறைக்குத் தலைமுறை சின்ன வயதிலேயே வரும் என்பதையும் நீ படித்திருப்பாய். உனக்கு இல்லையென்றால் அவளுக்கு உன் வழியாக வர வழியே இல்லை. இருந்தால், பெரியப்பாவுக்குக் கிடைக்காத முன்னறிவிப்பு உங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்கும். உன்னை வற்புறுத்தவில்லை. நீ கொடுக்காவிட்டாலும் நீ என் பொண்ணுதான். கொடுத்தால் சீக்கிரம் கொடு. நீளத்தை உயிருள்ள செல்லில்தான் அளக்கிறார்கள், ரத்தம் வழியில் தங்கக் கூடாது.

சாயம் போடுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்திருக்கிறது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.

காலையில் எட்டு மணிக்குள் கூப்பிடு. அதற்குப் பிறகு டாக்டர்கள் வந்துவிடுவார்கள். பேச முடியாவிட்டால் தம்பியிடமாவது இரண்டு வார்த்தை பேசு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: நுரையீரல் டாக்டரிடம் போகும்போது பெரியப்பாவைப் பற்றிச் சொல்லிவிடு. அவர் புகைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.